மயில் தட்டும் நானும்

பெரிய காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கீர்த்திக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அபியும் நோய்நொடி இல்லாமல் இருக்க காமாட்சியை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு ஒன்றும் இல்லை. அபிக்கு இருமல் விட்டதா, ராத்திரியில் தயிர் கொடுக்காதே. போனில் பேசினால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறேன், நீயும் பதறிப்போகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், எழுத்தில் தப்பு இருந்தால் பார்க்காதே.

அப்பாவுக்கு முதல் வருஷத் திதி முடிந்த பிறகும் வீட்டுக்கு யாரும் அதிகம் வருவதில்லை. போன வாரம் எதிர்வீட்டு குரு மகளுக்குக் கல்யாணம். நம் தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் ஆனாலும் சம்பந்தி பந்திக்கு நம் வீட்டுப் பித்தளை மயில் தட்டில்தான் இனிப்பு அடுக்கிக் கொண்டுபோவார்கள், உனக்குத் தெரியாததா. தூக்குவது நான்தான். உங்க அப்பா முன்னால் போய், வழி விடுங்கப்பா, மயிலு வருது, பின்னாடியே என் மகாராணி வந்துக்கினு இருக்குது என்று கத்தி என் மானத்தை வாங்குவார். இந்தத் தடவை குரு பெண்டாட்டி வாசலிலேயே நின்று, அக்கா, தட்டை மட்டும் குடுங்க, நாங்களே எடுத்துக்கினு போறோம், உங்களுக்கு எதுக்கு சிரமம் என்றாள். புரிந்துகொண்டேன். புளி போட்டுத் துலக்கிக் கொடுத்துவிட்டு, மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். மறுநாள் தட்டு திரும்பி வந்தது. இரவல் பாத்திரத்தை வெறுமனே தரக்கூடாதே, அதனால் ஜாங்கிரி வைத்திருந்தாள். ஒன்றை அப்பா போட்டோ முன்னால் வைத்தேன். மீதியை எறும்பு தின்றது.

அதற்குக்கூட நான் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, புது வீட்டு விருந்துக்கு மாமியார் வீட்டு ஜனமெல்லாம் வருதும்மா, கைலாசம் மாமா சிங்கப்பூர் வரும்போது மயில் தட்டைக் குடுத்தனுப்பு என்றாய். சரி என்று போனை வைத்துவிட்டு அப்புறம்தான் அழுதேன். நீயும் தட்டைத்தானே கேட்டாய். வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய், இந்த முழங்காலோடு அம்மா எப்படி வரும் என்று நினைத்திருப்பாய்.

கைலாசத்திடம் வடகமும் இந்தக் கடிதமும்தான் கொடுத்திருக்கிறேன். தட்டு வரவில்லை. உன்னைப் பார்க்க வர வேண்டுமென்று அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. எனக்கு டிக்கெட் போடு, தட்டை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன், உன் பந்தியில் நானே தூக்குகிறேன். உன் மாமியாருக்குச் சரிப்படாது என்றால் மறைக்காமல் சொல்லிவிடு, தட்டை வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். கொஞ்ச நாள் பேச மாட்டேன், அவ்வளவுதான். வரச் சொன்னால் ஒரு விஷயம், முன்னால் போய் வழி விடச் சொல்ல அப்பா இல்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

புது வீட்டு நிலைக்கு மஞ்சள் பூச மறக்காதே. அந்த வீட்டில் நீங்கள் மூன்று பேரும் குறையில்லாமல் வாழ வேண்டும்.

தட்டைத் துலக்கித் துணியில் சுற்றி வைத்துக் காத்திருக்கும்
உன் அம்மா
தில்லையம்மாள்