நடுரோட்டில் நின்ற ஆமை பஸ்

பிடிவாதக்காரத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று ஞாயிறுதோறும் போனில் சொல்கிறாய். அதை நான் நம்பவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கார்ட்டூன் தொடரின் கடைசிப் பகுதியைச் சனிக்கிழமை காலை பார்த்தோம். ஆறு வருடமாக ஒரு ஆமை பஸ் ஓட்டியது. வீட்டுக்கு வழி தெரியாத ஏழு பிராணிகள் அதில் உட்கார்ந்திருந்தன. கடைசி நாளிலாவது மாமா அவர்களை வீடு சேர்த்துவிடுவார் என்று என் சின்னவள் தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். நீ என்ன செய்தாய்? ஆமை நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒரு வாஷிங்மெஷினுக்குள் போகிறது. வெங்காயமாக வெளியே வருகிறது. வானத்திலிருந்து குடைகள் கொட்டுகின்றன. ஏழு பேரும் ஆடுகிறார்கள். முற்றும் என்று போட்டுவிட்டாய்.

சின்னவள் அழவில்லை. இனிமேல் பஸ்ஸை யார் ஓட்டுவார்கள் என்று மட்டும் கேட்டாள்.

உன் அத்தான் சிரிக்கிறார். இந்த மாதிரித் தொடர்கள் எல்லாமே கடைசியில் கிறுக்குத்தனமாகத்தான் முடியுமாம். ஒன்றில் எல்லோரும் சட்டைப் பொத்தானாக மாறிப்போனார்களாம். இன்னொன்றில் ஊரே ஒரு மீன் கண்ட கனவாம். "கார்ட்டூனுக்குப் போய் காரணம் கேக்குற ஒரே ஆளு நீதான்" என்கிறார். சின்னவளின் டீச்சரோ அந்த வெங்காயத்தில் ஆழ்ந்த தத்துவம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். தோலை உரித்துப் பார்த்தால் தெரியும் போலிருக்கிறது.

இருபது வருடமாக ஓடுகிற பஸ்ஸில் ஏறி டிக்கெட் சோதிக்கிறவள் நான். டிக்கெட் எடுக்காதவன்தான் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாக வேடிக்கை பார்ப்பான். உன்னையும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஏதாவது வம்பு செய்துவிட்டு வந்தால், அம்மாவிடம் நீ சொல்லும் கதை ஒழுங்காக ஆரம்பிக்கும், கடைசியில் ஒரு யானை குறுக்கே வந்துவிடும். யானை வந்தால் நீ எதையோ மறைக்கிறாய் என்று எனக்கு அப்போதே தெரியும். இப்போது வெங்காயம் வந்திருக்கிறது.

அதனால் பழைய பகுதிகளை எல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பஸ் போகிற தெருவில் கடைப் பலகைகளில் நீ பொடி எழுத்தில் ஏதாவது குறும்பு எழுதியிருப்பாய். அக்கா சோடா கடை, தூங்குமூஞ்சி சலூன் என்று. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் சின்னவளுக்கு வாராவாரம் வேலை. கடைசிப் பதினோரு பகுதிகளில் ஒரு பலகையிலும் ஒரு எழுத்துகூட இல்லை. எல்லாம் வெள்ளையாக இருக்கின்றன. பிராணிகளின் முகங்கள் மட்டும் வாராவாரம் பெரிதாகிக்கொண்டே போகின்றன.

நேற்று உன் அலுவலகத்துக்கே போன் செய்தேன். எடுத்த பெண்ணிடம் நான் யாரென்று சொல்லவில்லை, ஒரு ரசிகை என்றேன். அவள் வெள்ளந்தியாக, "படமெல்லாம் இப்ப நாங்கதாங்க வரையறோம். சார் பக்கத்துல உக்காந்து வாயாலதான் சொல்லுவாரு" என்றாள். ஏன் என்று கேட்டதும் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள். ஆறு வருடமாகத் தான் வரைந்த ஒரு கோட்டைக்கூட இன்னொருவர் தொடக்கூடாது என்று சண்டை போட்ட ஆள் நீ.

போன மாதம் பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டாய். அப்பாவுக்குப் பார்வை நடுவிலிருந்து மங்கியதா, ஓரத்திலிருந்தா என்று. கதைக்காக என்றாய். நானும் பருப்பைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னேன். அப்பாவுக்கு அது ஆரம்பித்தபோது வயது நாற்பத்திரண்டு. உனக்கு வருகிற மாதம் நாற்பத்திரண்டு.

அப்பா ஒரு வருடம் நம்மிடம் மறைத்தார். பேப்பரை விரித்து வைத்து, நேரம் பார்த்துப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் சந்தேகப்படவில்லை. முன்னமே டாக்டரிடம் காட்டியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்றார்கள். அந்தக் குற்றம் இன்னும் என்னை உறுத்துகிறது. இன்னொரு முறை ஏமாற எனக்குத் தெம்பில்லையடா.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் நன்றாகச் சிரி, ஊரெல்லாம் சொல்லிச் சிரி. ஆனால் போனில் பேசி என்னைச் சமாளிக்காதே. உன் கையெழுத்தில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. எழுத முடியவில்லை என்றால் வெறும் தாளை உறையில் போட்டு அனுப்பு. நான் ஒன்றும் கேட்கமாட்டேன், திட்டவும் மாட்டேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், பெட்டியும் தயார்.

பக்கத்துக்கு நாலு வரியாக, தடித்த மையில் எழுதியிருக்கிறேன். கத்தையைப் பார்த்து அத்தான் இது என்ன கடிதமா, சுவரொட்டியா என்று கேட்டார். இதை நீயே படித்தாயோ, யாராவது படித்துக் காட்டினார்களோ, நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா