மூடி போடாத பால்மாப் பேணி

என் ஆசை மச்சாள்,

இன்று உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருஷம். ஐயர் போய்விட்டார், வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள், உங்கள் தம்பி முன்னறையில் கண்ணயர்ந்துவிட்டார். வடை சுட்ட தாச்சி அடுப்பில் ஆறிக்கொண்டிருக்கிறது. அதில் மிஞ்சிய எண்ணெயைப் பார்த்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. மாலை போட்ட படத்தைப் பார்த்தால் உங்களை மாதிரியே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மிச்ச எண்ணெய் என்றொரு பிரச்சினை இருந்ததில்லையே. பொருளாதாரத் தடைக் காலத்தில் கரண்டியில் ஒட்டியதைக்கூடச் சோற்றில் துடைத்துச் சாப்பிட்டோம். வெள்ளவத்தையில் இந்த மாடி வீட்டுக்கு வந்த பிறகுதான், கருத்துப்போன எண்ணெயை எங்கே கொட்டுவது என்று யோசிக்கும் அளவுக்கு வசதியானோம். கொட்டுவதற்கு ஒரு பிடி மண்கூட இங்கே இல்லை.

வீட்டுக்கார ஹாஜியார் முதல் நாளே சொல்லிவிட்டார். "தங்கச்சி, சிங்க்ல எண்ணெ ஊத்த வாணாம். பைப் அடச்சா நீங்க வேற வீடு பாக்கத்தான் வரும்." நல்ல மனுஷன்தான். ஆனால் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வேறு வீடு யார் தரப்போகிறார்கள்? அன்றிலிருந்து எண்ணெய் உங்கள் பொறுப்பாகியது.

ஆற விடுவீர்கள். வெறும் பால்மாத் தகரப் பேணியில் ஊற்றுவீர்கள். தாச்சியைப் பேப்பரால் வழித்துத் துடைத்த பிறகுதான் தண்ணீர் படவிடுவீர்கள். அதோடு விட்டிருக்கலாம். மூடியை அழுத்தி, மண்ணிற டேப்பால் சுற்றிச் சுற்றி ஒட்டினால்தான் உங்களுக்கு நிம்மதி.

"லண்டனுக்கோ மச்சாள் பார்சல்?" என்று கேட்பேன்.

"ஒழுகிச்செண்டால் குப்பை அள்ளுற சனம் என்ன நினைக்கும்?" என்பீர்கள்.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் காலையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லத்தான் மனம் வருகிறது. லேன் முனைக் குப்பைத் தொட்டியடியில், டேப் சுற்றிய பேணியைக் கண்டு கூட்டுகிறவர் கத்தினார். கொழும்பில் அநாதரவாய்க் கிடக்கும் பையைக் கண்டாலே சனம் ஓடும் காலம். ஒரு நிமிஷத்தில் லேன் வெறிச்சோடிப் போனது. வேலைக்குப் போகும் வழியில் அங்கே சோதனைச் சாவடியில் ஆமிக்காரருக்கு அடையாள அட்டை காட்டிக்கொண்டு நின்ற உங்கள் தம்பியை, மதிலோரம் முழங்காலில் இருத்திவிட்டார்கள். கைகள் தலையில்.

நான் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அதற்குள் படியிறங்கிவிட்டீர்கள். மாவு பூசிய கையோடு, பஸ்ஸில் பழகிய சிங்களத்தோடு.

"வடே தெல், மஹத்தயா. மகே தெல்."

வடை எண்ணெய், என்னுடைய எண்ணெய் என்று அவர்களுக்கு விளங்கியது, நம்பவில்லை. பெரியவன் போல் இருந்தவன் எல்லோரையும் தள்ளி நிற்க வைத்துவிட்டு, "அரின்ன" என்றான். உன்னுடையதென்றால் நீயே திற. நீங்கள் போய்க் குந்தியிருந்து டேப்பை நகத்தால் கிளறத் தொடங்கினீர்கள். உங்கள் வேலைச் சுத்தத்தை அன்றைக்குத்தான் நான் சபித்தேன். உரிக்க உரிக்க முடியவில்லை. உங்கள் தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மூடி கழன்றதும் எண்ணெயில் கையை முக்கி உயர்த்திக் காட்டினீர்கள். முழங்கைவரை வழிந்தது. அந்தப் பெரியவன் வந்து குனிந்து மணந்து பார்த்தான்.

"வடே கோ?" என்றான். வடை எங்கே?

வடையும் கொடுத்தீர்கள். உங்கள் தம்பியைத் தோளில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். அவருடைய வெள்ளைச் சேர்ட்டில் உங்கள் எண்ணெய்க் கை அப்படியே பதிந்திருந்தது. அதை நான் தோய்க்கவில்லை, மச்சாள். இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

அதன் பிறகு டேப்பைத் தொடவே இல்லை நீங்கள். தளபாடக் கடையிலிருந்து மரத்தூள் வாங்கிவந்து, ஆறிய எண்ணெயில் கொட்டிக் கிளறிக் கெட்டியாக்கினீர்கள். மூடியில்லாத பேணி, ஒழுகவும் ஒழுகாது, உள்ளே இருப்பது எவருக்கும் தெரியும். அப்படித்தான் இப்போது நானும் செய்கிறேன். நேற்றுச் சோதனைச் சாவடியில் நின்றது புதுப் பொடியன். நான் கொண்டுபோன பேணிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, போங்கோ என்று தலையை ஆட்டினான். இவர்களை அடிக்கடி மாற்றுகிறார்கள். சண்டை மட்டும் மாறாமல் நடக்கிறது.

ஒன்றை மட்டும் நான் இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் பேணியை வைத்தது தொட்டிக்குள். அன்று அது கிடந்தது வெளியே, மதிலோரம். நாய் இழுத்திருக்கலாம். வேறு யாருடையதாகவும் இருந்திருக்கலாம். கொழும்பில் எல்லா வீட்டிலும் அதே பேணிதானே. அன்று பின்னேரம் சவர்க்காரம் போட்டு உங்கள் கையைக் கழுவிவிட்டபோது கேட்டேனே, ஞாபகமிருக்கிறதா?

"அது எங்கட பேணிதான் எண்டு எப்பிடி மச்சாள் தெரிஞ்சது?"

"தெரியேல்லை," என்றீர்கள். "தம்பியை இருத்தி வச்சிருக்கிறாங்கள். கிட்டப் போய்த்தானே பாக்கோணும்."

நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோன அன்று, எனக்கு முதலில் வந்த பயம் அதுதான். இனி இவருக்காகக் கிட்டப் போக யார் இருக்கிறார்கள்?

எண்ணெய் ஆறிவிட்டது. மரத்தூளைப் போட்டுக் கிளறப் போகிறேன். இந்த வீட்டிலிருந்து மூடிய பேணி ஒன்றும் இனி வெளியே போகாது. உங்கள் தம்பியை எங்கேயாவது முழங்காலில் இருத்தினால், நான் பல்கனியில் நிற்க மாட்டேன். படியிறங்குவேன்.

உங்கள் தம்பியை உங்களிடமிருந்து பொறுப்பேற்றிருக்கும்
மச்சாள்,
வசந்தி