யார் பணத்தில் படிப்பது

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை ஆறரைக்கே ஜன்னல் கண்ணாடியில் ஈரம் வழிகிறது. ஏசி தண்ணீர் வாளி நிரம்பிக் கிடந்தது. கராமா வாடகை அறையில் நான்கு பெண்கள், எல்லோரும் வளைகுடாவுக்கு வேலைக்கு வந்தவர்கள். நால்வர் கணக்கிலும் அது அடுத்தவள் முறை. நானே கொட்டினேன்.

பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி. இடம் உறுதி, இங்குள்ள பல்கலையிலேயே. பணம்தான் உறுதியில்லை. 21ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். விசாரித்தவரை:

— இந்நாட்டு அரசு உதவித்தொகை: குடிமக்களுக்கு மட்டும். அடித்தாயிற்று.
— நம் ஊர் ஆய்வு உதவித்தொகை: தேர்வு எழுத வேண்டும், அங்கேயே பதிவும் செய்திருக்க வேண்டும். அதுவும் அடி.
— வெளிநாட்டு முழு உதவித்தொகை: கடைசி நாள் போயே போச்சு. மூன்று பரிந்துரைக் கடிதம் வேறு. எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்கள் இரண்டே பேர். ஒருவர் மெயில் பார்ப்பதில்லை.
— கைடு மேடத்தின் புராஜெக்டில் ஆய்வு உதவியாளர்: கட்டணம் தள்ளுபடி. மாத உதவித்தொகை இப்போதைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. கம்பெனி விசா போய் மாணவர் விசா.
— நான் வேலை பார்க்கும் கட்டுமானக் கம்பெனியின் ஸ்பான்சர்: முழுக் கட்டணம். சேஃப்டி ஆபீசர் வேலை, சம்பளம், விசா எல்லாம் அப்படியே.

கடைசியைச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்துக் கட்டில் நிலோஃபர் எட்டிப் பார்த்தாள். கீழக்கரைக்காரி, அத்தர் கடையில் பில் போடுகிறாள்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? சும்மா வர்ற காசு கசக்குதா?"

கசக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேனேஜர் அறை. ஏசியில் கை விறைத்தது. கம்பெனிப் பணத்துக்கு இரண்டு நிபந்தனை. படித்து முடித்தபின் மூன்று வருஷம் இங்கேயே வேலை. எதை வெளியிட்டாலும் முதலில் அவர்களிடம் காட்ட வேண்டும்.

"சும்மா ஃபார்மாலிட்டிம்மா. நம்ம பேரு கெட்டுடக் கூடாதுல்ல?"

'நம்ம'வில் நானும் அடக்கம்.

என் தலைப்பு: வெயிலில் வேலை செய்பவர்களின் சிறுநீரகம். முன்னோட்டமாக, ஷார்ஜா தொழில்பேட்டையில் உள்ள எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் முப்பது பேரிடம் கேள்வித்தாள் முடித்திருக்கிறேன். முப்பது பேரும் நன்றாகத் தண்ணீர் குடிக்கிறார்கள். முப்பது பேரும் மதிய இடைவேளையில் ஓய்வெடுக்கிறார்கள். அட்டவணை பார்க்கவே அழகு. கைடுக்கு அனுப்பினேன். மாலை நெய்தோசை, இரண்டு.

ஆகஸ்ட் 16, சனி

மேடத்தின் பதில். எகிப்துக்காரர், மூன்று வரிக்கு மேல் எழுத மாட்டார். முப்பது பேரும் ஒரே பதில் சொன்னால் அது ஆய்வு இல்லை, வருகைப் பதிவேடு என்கிறார். யார் கேட்டது? என்ன உடையில்? பக்கத்தில் யார் நின்றது?

கேட்டது நான். கம்பெனி பெயர் போட்ட பச்சை ஜாக்கெட். கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் ஃபோர்மேன். அவன்தான் "ஜல்தி பாய், ஜல்தி" என்று ஆட்களை வரிசையில் நிறுத்தினான். இதே ஜாக்கெட்டில்தான் வாராவாரம் சைட்டுக்குப் போய், ஹெல்மெட் போடாதவர்களுக்கு ஃபைன் எழுதுகிறேன்.

முட்டாள். வேறு வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டூட்டி இல்லை. சுடிதார், பஸ், கேம்ப். சாரம் கட்டும் முருகேசன் அண்ணன், அரியலூர்க்காரர், வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். முப்பதில் ஒருவர். என்னை அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மேடமா? ஞாயித்துக்கெழம யாருக்கு ஃபைன்?"

"யாருக்கும் இல்லண்ணே. அன்னைக்குத் தண்ணி பத்திச் சொன்னது நெசமா?"

சிரித்தார். "ஃபோர்மேனப் பக்கத்துல நிப்பாட்டிக்கிட்டு, தண்ணி குடிச்சியான்னு கேட்டா, இல்லன்னு எவன் சொல்லுவான்? பதினோராம் மாடில நிக்கிறோம் பாப்பா. கக்கூசு கீழ. எறங்கி ஏறுறதுக்குள்ள அரைமணி நேரம், மேல வந்தா அவன்கிட்ட ஏச்சு. அதான், நாக்கு நனையிற அளவோட நிறுத்திக்கறது."

"மத்தியானம் ரெஸ்ட்?"

"ரெஸ்ட் உண்டு. நெழலும் கீழதான் உண்டு."

உள்ளேயிருந்து ஒரு குரல்: "தண்ணி மாஃபி, கக்கூசு மாஃபி, கலாஸ்!" கேம்ப் அரபியில், தண்ணியும் இல்லை, கக்கூசும் இல்லை, அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கோபம் திரும்பும் பஸ்ஸில்தான் வந்தது. குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, 'தண்ணீர் குடியுங்கள்' என்று நான்கு மொழியில் போஸ்டர் அடித்தோம். மேலே ஒரு கக்கூஸ் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கம்பெனிப் பணத்தில் படித்தால், படிப்பு முடியும்வரை அந்த ஜாக்கெட்டோடுதான் கேட்க வேண்டும். அதே முப்பது பதில்தான் வரும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கம்பெனிப் பணம் வேண்டாம், மேடத்தின் புராஜெக்டிலேயே சேர்கிறேன் என்று நிலோஃபரிடம் சொன்னேன்.

"பைத்தியமாடி உனக்கு? பாதிச் சம்பளத்துல கட்டில் வாடகை யாரு குடுப்பா?"

மேல் கட்டிலுக்கு மாறினால் வாடகை குறையும் என்றேன்.

"மேல் கட்டிலா? தூக்கத்துல உருளுறவ நீ. எந்தப் பாவி மேல விழப்போறியோ."

திட்டிக்கொண்டே, அவள் உம்மா கொடுத்தனுப்பிய தொதல் இனிப்பில் பெரிய துண்டை எனக்கு வெட்டினாள். இன்று நன்றாகத் தூக்கம் வரும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

புழுதி. எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

கடைசி சேஃப்டி ரிப்போர்ட்: மேல்தளங்களில் கழிப்பறையும் நிழலும் தேவை. யார் பெயரும் போடவில்லை. நகல் எல்லா மேலதிகாரிக்கும். பிறகு மேனேஜரிடம் ராஜினாமா.

"கேம்ப்புல யாராவது ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"இல்ல சார்."

"விசா கேன்சல் ஆயிடும். தெரியும்ல?"

"பண்ணுங்க சார்."

மதியம் பல்கலையில் கையெழுத்து. ஆய்வு உதவியாளர். மேடம் ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டி, "யல்லா, வேலையைப் பார்" என்றார். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பயம் இருக்கிறது, ஆனாலும் பசிக்கிறது.

முருகேசன் அண்ணனுக்குப் போன் போட்டேன். கம்பெனியை விட்டுவிட்டேன், முதலிலிருந்து திரும்பக் கேட்க வேண்டும், பல்கலை அனுமதி வர ஒரு மாதமாவது ஆகும் என்றேன்.

"கேம்ப்புக்குள்ள இனி விட மாட்டானுவ பாப்பா. வெளிய டீக்கடைல வெச்சுக்குவோம். எத்தன பேரு வேணும்?"

"முப்பது பேர்ண்ணே."

"நாப்பது பேரு இருக்கோம்."