நான் வீசிய மஞ்சள் துணி

அன்பு மகன் டால்டனுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அலாஸ்கா குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவின் முட்டிவலி தேவலை, பெக்கான் மரம் இந்த வருஷம் காய்த்துக் கொட்டித் தீர்த்துவிட்டது, ஒரு பை கொட்டை உனக்கு அனுப்பியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை நடந்த பள்ளி ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றி நீ என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நம்மூர் ஆட்டத்துக்கு நான் நடுவராக நிற்பதில்லை, அன்று ஆள் குறைந்ததால் இரண்டு பள்ளியும் சம்மதித்து நிறுத்தினார்கள். நாம் நான்கு புள்ளி முன்னால், ஒரு நிமிடம்கூட மீதியில்லை, எதிரணிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. பந்தைக் கையால் பிடிக்க அவர்கள் பையன் எம்பினான், பந்து தலைக்கு மேலே போய்விட்டது, அவன் கால் தரையில் படும் முன்பே நம் அணிப் பையன் ப்ரென்னன் ஓடிவந்து தலைக்கவசத்தால் அவன் தாடையில் முட்டினான். தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவன் மேல் அப்படி மோதக் கூடாது என்பதுதானே விதி, தப்பாட்டம் என்று காட்டும் மஞ்சள் துணியை வீசினேன். பதினைந்து கஜம் தண்டனை, அவர்களுக்கு மறுபடி வாய்ப்பு, உடனே பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி எடுத்தார்கள், நாம் தோற்றோம். தலைமை நடுவர் வெண்டல், பத்தொன்பது வருஷமாக என்னோடு நிற்பவன், தோளைத் தட்டி, "நானும் பாத்தேன் ஹார்லன், நீ வீசலன்னா நான் வீசியிருப்பேன்" என்றான். அதே ஆள் திங்கட்கிழமை உணவகத்தில், நான் உள்ளே வந்தது தெரியாமல், "நான் வேற பக்கம் பாத்துட்டு இருந்தேம்ப்பா, அது முழுக்க அவன் முடிவு" என்று எட்டுப் பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் காபியைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பக்கத்து மேசைக்காரன், "நீ எந்த ஊர்க்காரன்யா?" என்று கேட்டான். அதையும் தாங்கிக்கொண்டேன்.

தாங்க முடியாதது நீ ஊர் முகநூல் பக்கத்தில் எழுதியது. "எங்கப்பாவுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல, வயசாயிருச்சு, அவரத் திட்டாதீங்க." அம்மாதான் தற்செயலாகப் பார்த்து வாய்விட்டுப் படித்தாள், பாதியில் நிறுத்தப் பார்த்தாள். என்னைக் காப்பாற்றத்தான் எழுதினாய் என்று தெரியும். வெண்டல்கூட அதற்கு விருப்பக்குறி போட்டிருக்கிறான். ஆகஸ்டில்தான் மருத்துவர் என் கண்ணைப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றார். அடிபட்ட பையன் சனிக்கிழமை முழுக்கத் தன் அம்மா பெயர் தெரியாமல் படுத்திருந்தானாம், அவன் அப்பா தொலைபேசியில் சொல்லி அழுதார். நான் செய்தது தப்பு என்று நீ எழுதியிருந்தால் உன்னோடு சண்டையாவது போட்டிருப்பேன். நேற்று நடுவர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, நீ எழுதியதையே எடுத்துக் காட்டி, பார்வைக் குறைவு என்று என்னை விலக்கிவிட்டார்கள்.

அழிக்கச் சொல்லவில்லை, இனி அழித்தும் பயனில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்த ஆட்டத்தின் படப்பதிவை என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை பார். அதற்கு அப்புறம் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். பனிக்கு முன்னால் காரின் டயரை மாற்றிவிடு.

உன் அப்பா,
ஹார்லன்