அடைப்புக்குறிக்குள் ஆட்கள்

பிப்ரவரி 4

எங்கள் சலவை ஆலை மேனேஜர் மனிதர்களை அடைப்புக்குறிக்குள் போட்டுப் புதைக்கிறார். அவருடைய தினசரி அறிக்கையைத் தட்டச்சு செய்பவன் நான். டீ வாங்கிவரச் சொல்லும் துண்டுச் சீட்டிலும் அவருக்கு அடைப்புக்குறி வேண்டும். லீவு இல்லை என்றால் மூன்று ஆச்சரியக்குறி. இன்றைய வரி: "வேலை சீராக நடந்தது (ஒருவருக்குக் கையில் காயம்)."

காயமாம்! துணி தேய்க்கும் உருளை, இஸ்திரி போடும் அக்காவின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டது. விபத்து என்று தனி வரியாக எழுதினால் உருளையை நிறுத்தியாக வேண்டும். அதனால்தான்.

பிப்ரவரி 5

மேனேஜரிடம் கேட்டேவிட்டேன். "பிராக்கெட்டுக்குள்ள இருக்கறத மேல யாரும் படிக்க மாட்டாங்க தம்பி. நீ டைப் அடி, வீரம் காட்டாத."

பிப்ரவரி 11

அக்கா கைக்கட்டோடு வந்தாள். காவலாளி அவள் முகத்துக்கு நேரே கேட்டைச் சாத்தினார். வேண்டுமென்றே என்று நினைத்தேன். இல்லை — அவர் கண் அவளை ஊடுருவித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான் திறந்துவிட்டேன்.

"என்னடா, நான் செத்துட்டேன்னு எவனாவது சொல்லிட்டானா?" சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 12

உருளைக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாள். பக்கத்திலேயே அக்கா நிற்கிறாள். புதுப் பெண் ஈரத்துணி மூட்டையைத் தூக்கி அக்காவின் மேல் சாய்த்து வைத்தாள். சுவரில் சாய்ப்பது போல.

அக்கா இன்று சிரிக்கவில்லை.

பிப்ரவரி 14

அடைப்புக்குறியை எடுத்தேன். தனி வரி: "உருளை, இஸ்திரி போடும் அக்காவின் கையை நசுக்கியது." அனுப்பியும்விட்டேன்.

சாயங்காலம் காவலாளி அவளிடம், "எங்கம்மா போயிருந்த இத்தனை நாளா?" என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பிப்ரவரி 15

மேனேஜர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, இன்றைய அறிக்கையைத் தானே தட்டினார். என்ன எழுதினார்? திரையை மறைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 17

(பஸ் எனக்கு நிற்கவில்லை. வீட்டில் தங்கச்சி என் மடியில் பையைப் போட்டுவிட்டுப் போனாள். அம்மா விளக்கை அணைத்தாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே.

உருளையை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கு மடிக்கிற இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. காவலாளியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் போய் நின்றேன்.

"அக்கா, மேனேஜர் என்னைப் பத்தி பிராக்கெட்டுக்குள்ள எழுதினத அழிக்கச் சொல்லுங்க. அக்கா, நீங்களாவது நிமிர்ந்து என்னப் பாருங்க!")