வெறும் பச்சை

மார்ச் 3

கூட்டத்தில் இன்று மினுக்கி மறுபடியும் படம் காட்டினான். ஆய்வகத்தில் எனக்கு இளையவன். தொட்டதெல்லாம் மினுங்க வேண்டும் அவனுக்கு, அதனால் நான் வைத்த பெயர். பாக்டீரியாவின் புரதத்தோடு பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தை ஒட்டி, மனிதச் செல்லுக்குள் வண்டி வண்டியாகத் திணித்திருக்கிறான். செல்லின் கரு பச்சைப் பசேல். "கருவுக்குள்ள புகுந்து செல்லையே ஆட்டி வைக்குது!" என்றான். ஆய்வகத் தலைவர் கைதட்டாத குறை. தூ!

மார்ச் 4

பாக்டீரியா தன் புரதத்தை ஊசி மாதிரி ஒன்றால் துளித்துளியாகத்தான் செலுத்தும். இரண்டு வருடமாக நான் அப்படித்தான் பார்க்கிறேன் — பாக்டீரியாவே செலுத்தட்டும் என்று. என் புரதத்திலும் அதே பச்சைதான் ஒட்டியிருக்கிறது, ஆனால் தெரிவது மங்கலான ஒளி. "இது தெரியுதாம்மா உனக்கு?" என்கிறார் தலைவர். பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஜூனில் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நீட்டிப்பாம்.

மார்ச் 10

கேட்டேவிட்டேன். "வெறும் பச்சை எங்கப்பா? உன் புரதத்த ஒட்டாம பச்சைய மட்டும் திணிச்சா எங்க போகுது?" "பாக்கலக்கா" என்று நோட்டில் குறித்துக்கொண்டான். இதைக்கூடப் பார்க்காமல் உலகத்துக்குச் சொல்லக் கிளம்பிவிட்டார் துரை.

மார்ச் 11

வீட்டுக்காரர்: "அவன விடு. உன் வேலை என்னாச்சு?"

மார்ச் 17

வெறும் பச்சையும் நேராகக் கருவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது! அப்படியானால் கருவுக்குள் போனது அவன் புரதத்தின் வேலை என்று சொல்லவே முடியாது. மினுக்கியே படத்தைக் காட்டினான், முகம் தொங்கிப்போய். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். என்ன இப்போ?

வெளியே வந்ததும் கேட்டான்: "அக்கா, ஊசி இல்லாத பாக்டீரியாவ வெச்சுப் பாத்துட்டீங்கள்ல?"

"அதெல்லாம் எப்பவோ ஆச்சு, போடா."

ஆச்சுதான் — ஒரே தடவை, வேறு வகைச் செல்லில். இவனெல்லாம் எனக்குச் சொல்ல வந்துட்டான்.

மார்ச் 19

ஊசி இல்லாத பாக்டீரியான்னு அவன் கேட்டதே காதுல நிக்குது. பாத்துத் தொலைச்சா என்ன?

மார்ச் 26

ஊசி இல்லாவிட்டால் எதையும் செலுத்த முடியாது. செல் இருட்டாக இருக்க வேண்டும். இல்லை. அதே மங்கல் ஒளி, எல்லாத் தட்டிலும். இரண்டு வருடமாக நான் பார்த்தது என் புரதத்தை அல்ல. அது செல்லின் சொந்த மினுக்கு. ஐயோ, நான் என்னத்தைக் கண்டேன்?

மார்ச் 31

கூட்டத்தில் நானே சொல்லிவிட்டேன். மினுக்கி சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "வாங்கக்கா, டீ குடிக்கலாம்" என்றான். போனேன்.

ஜூன் 2

நீட்டிப்பு அவனுக்கு. "கேள்வி கேக்கத் தெரிஞ்ச பையன்" என்றாராம் தலைவர்!

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். கூட்ட அறையில் அவன் குரல், யாரையோ கேட்கிறான்: "வெறும் பச்சை எங்கப்பா?"

எகத்தாளம் இன்னும் கொஞ்சம் வேண்டும். பரவாயில்லை, வந்துவிடும்.