சீசருக்கு ஒரு துப்பட்டா

அப்பாவுக்கு ஸ்தோத்திரம். வேலம்பாளையத்துல நான் சுகமா இருக்கேன். உங்க மூட்டுவலி எப்படி இருக்கு?

நேத்து செக்கிங்ல ஓட்டை இருந்த பனியனைப் பாஸ் பண்ணிட்டேன். சூப்பர்வைசர் சத்தம் போட்டாரு, வேற ஒண்ணுமில்ல. நம்ம சீசருக்குக் கண்ணு தெரியலைன்னு நீங்க போன்ல சொன்னதுலயே மனசு கெடந்துச்சு. வயசான நாயை ஆறு மாசத்துக்கு ஒருக்கா காட்டணும்னு டாக்டர் சொல்லியும், பொங்கலுக்கு வந்தப்ப அடுத்த லீவுல பாத்துக்கலாம்னு விட்டது நாந்தானே. தினமும் ஊசி ஓட்டையைத் தேடுற எனக்கு, அவன் கண்ணுல படர்ந்த வெள்ளை தெரியலையேப்பா.

ஷிப்மென்ட் முடியாம லீவு தர மாட்டாங்க. நான் இல்லாம அவன் ஆட்டோவுல ஏறவும் மாட்டான். நான் வேலைக்குப் போட்ட துப்பட்டாவைப் பார்சல்ல அனுப்பியிருக்கேன். அதை சீட்டுல விரிச்சு, மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க.

பெல் அடிச்சிருச்சு. அம்மாகிட்ட சொல்லிருங்க, துப்பட்டாவைத் துவைச்சிர வேண்டாம்.

ஜெபராணி